காலால் ஓடும் கடைசல் லேத்: வன்னியில் முதல்முறை கட்டுகிறவர்களுக்கு

காலால் மிதித்து மரத்தைச் சுழற்றி, உளியால் கடையும் லேத் ஒன்றைக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. உண்மையான வேலை நான்கு நாள்தான். மிச்சமெல்லாம் பிழையான சில்லு, பிழையான மரம், பிழையான உளி, அப்புறம் கையில் ஒரு கடிதமும் இல்லாமல் மரக்குற்றியோடு வீதியில் நின்ற ஒரு பின்னேரம். நான் பட்ட அலைச்சலை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"கரண்ட் இருக்கே, ஒரு மோட்டரைப் பூட்டினால் என்ன?" என்று எல்லோரும் கேட்பார்கள். என் கொட்டில் தோட்டத்துக்குள் இருக்கிறது, அங்கே லைன் இல்லை. இருந்தாலும் பழகுவதற்கு மிதி லேத்தான் நல்லது. உளி மரத்தில் கொளுவிக்கொண்டால் மோட்டர் நிற்காது, உங்கள் கால் நின்றுவிடும்.

1. எந்த லேத் என்று முதலில் முடிவெடுங்கள்

மிதி லேத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சில்லு லேத். மிதித்தால் பாரமான சில்லு ஒன்று சுழலும், அதிலிருந்து பெல்ட் போய் மரத்தை ஒரே பக்கமாகச் சுற்றும். தையல் மெசின் மாதிரி. மற்றது கயிற்று லேத். கடைகிற மரத்தையே ஒரு கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். கயிற்றின் கீழ்நுனி மிதிபலகையில், மேல்நுனி ரப்பரில் அல்லது வளையும் கம்பில். மிதிக்கும்போது மரம் உங்களை நோக்கிச் சுழலும், அப்போது வெட்டவேண்டும். காலைத் தூக்கினால் ரப்பர் இழுத்து மரம் திரும்பிச் சுழலும், அந்த நேரம் உளியை ஒரு நூல் அளவு பின்னுக்கு எடுக்கவேண்டும்.

பாதி நேரம் வெட்டாமல் நிற்கும் மெசின் என்ன மெசின் என்று எனக்கும் பட்டது. அதனால் சில்லு லேத்தில் இறங்கினேன். கணக்கு ஆசை காட்டியது. 24 அங்குலச் சில்லிலிருந்து 3 அங்குலக் கப்பிக்கு பெல்ட் போட்டால், சில்லு ஒருமுறை சுற்ற மரம் எட்டு முறை சுற்றும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் 480 சுற்று. பேப்பரில் நல்லாகத்தான் இருந்தது. பழைய சைக்கிள் றிம் ஒன்றுக்குள் சீமெந்து வார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது. வேகம் ஏற ஏறக் கொட்டிலே ஆடியது, கூரைக் கிடுகிலிருந்து தூசி கொட்டியது, மூன்றாம் நாள் சீமெந்து வெடித்து ஒரு துண்டு என் முழங்காலைத் தடவிக்கொண்டு போனது. 25 மில்லிமீற்றர் அச்சு, இரண்டு பெயாரிங், வளைத்தண்டு செய்த கூலி, வெல்டிங் என்று 23,000 ரூபா. விளிம்பில் 20 கிலோவாவது சமமாகப் பரவியிருக்கிற இரும்புச் சில்லு கிடைக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய தையல் மெசின் கால் வைத்திருப்பவர்கள் அதைப் பாவிக்கலாமா என்று கேட்பார்கள். பம்பரம், பொத்தான் அளவு சாமானுக்குச் சரி. உளிப்பிடி அளவுக்குப் போனாலே அந்தச் சில்லுக்குப் பலம் காணாது.

ஆகவே கயிற்று லேத்தையே கட்டுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

2. மரத்துக்கு முன் கடிதம்

தெரிந்தவர் ஒருவர் தன் காணியில் சரிந்து விழுந்த முதிரையில் இரண்டு முழக் குற்றி ஒன்று தந்தார். லான்ட்மாஸ்டரில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் மறித்து "பெர்மிற் எங்கே?" என்று கேட்டார்கள். விழுந்த மரம், ஒரு துண்டுதானே, விற்கவும் இல்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம் போனது. குற்றி அங்கேயே நின்றது, நான் வெறும் பெட்டியோடு வீடு வந்தேன். பிழை என்னுடையதுதான். முதிரை, பாலை, கருங்காலி போன்ற காட்டு மரங்களை ஏற்றி இறக்க வன இலாகாவின் அனுமதி தேவை. மரம் உங்களுடையதா, விழுந்ததா, வெட்டியதா என்பது வேறு கதை. வீதியில் ஏறினால் பேப்பர் கேட்பார்கள்.

கையில் இருக்கவேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, எந்த மரம், எத்தனை, எந்தக் காணியில் நிற்கிறது என்று எழுதிய கிராம அலுவலரின் கடிதம். இதை வைத்துக்கொண்டுதான் அடுத்த அலுவலகத்துக்குப் போகமுடியும். மரத்தை ஒருவரும் வந்து பார்க்காமல் காரியம் நடக்காது, அதனால் நாள் எடுக்கும். லேத் கட்டத் தொடங்க முன்னரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். கட்டி முடிய அதுவும் வந்து சேரும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடங்கள் சில:

உறுதி இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இருக்கிற மங்கிய போட்டோக்கொப்பியை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். உறுதி இலக்கம் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

அனுமதிப்பத்திரக் காணி என்றால் நிலம் அரசினுடையது. நீங்கள் நட்ட தேக்காக இருந்தாலும் வெட்டமுன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள்.

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் நினைத்த மாதிரி வெட்டமுடியாது. அதற்கென்று 1951இலிருந்து சட்டம் இருக்கிறது. பனை எப்படியும் லேத்துக்கு உதவாது. நார் சிறாயாகக் கிளம்பி உள்ளங்கையைப் பதம் பார்க்கும்.

காட்டுக்குள் போய் விழுந்த கொப்பு பொறுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒதுக்கிய காடு என்றால் அதுவும் குற்றம். அதைவிட, மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கும் பக்கம் ஒரு அகப்பைக் காம்புக்காகக் கால் வைக்கிறவன் அந்தக் காலால் லேத் மிதிக்கமாட்டான்.

மரக்காலையில் கழிவுத் துண்டு வாங்கினால் சிறிய தொகையானாலும் பற்றுச்சீட்டு எழுதுவித்து வாங்குங்கள். மர இனத்தின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு இரகசியம்: பழகுவதற்கு இந்த அலைச்சல் ஒன்றும் தேவையில்லை. உங்கள் வேலிக் கதியாலைப் பாருங்கள். பூவரசு, சீமைக்கிளுவை. மாரிக்கு முன் எப்படியும் கொப்பு வெட்டுவீர்கள். வேலியிலிருந்து கொட்டிலுக்கு வரும் கொப்பு வீதியில் ஏறவேண்டியதில்லை. என் முதல் முப்பது நாற்பது சாமானும் வேலிப் பூவரசில் கடைந்ததுதான்.

3. சாமானும் செலவும்

நான் கட்டியபோது ஆன செலவு இது. உங்கள் ஊரில், நீங்கள் வாங்கும் நாளில் விலை ஏறி இறங்கியிருக்கும், ஆனால் எது பெரிது எது சிறிது என்ற கணக்கு மாறாது. வீடு இடித்த இடத்தில் எடுத்த பழைய கூரைச் சலாகை 2,500 ரூபா. நட், போல்ட், ஆணி 800. பின்னல் கயிறு 10 மீற்றர் 400. வெல்டிங் கடையில் இரண்டு முனை தீட்டி நட் ஒட்டியது 1,000. கம்மாலையில் உளி மூன்று 4,500. ஏற்றுக்கூலி 800. எல்லாம் சரியாகப் பத்தாயிரம். கயிற்றை மேலே இழுக்கும் ரப்பருக்கு, சைக்கிள் கடையில் ஒட்டுப் போட முடியாது என்று எறிந்த ரியூப் சும்மா கிடைத்தது. "எதுக்கு?" என்று கேட்ட கடைக்காரருக்கு விளக்கம் சொல்ல அரை மணித்தியாலம் போனது, அவ்வளவுதான்.

பாதிச் செலவு உளிக்குப் போகிறது பாருங்கள். அதில் கை வைக்காதீர்கள். சலாகையில் மிச்சம் பிடிக்கலாம், உளியில் கூடாது.

4. சட்டகம்

முதலில் உயரம். நிமிர்ந்து நின்று கையை மடக்குங்கள். முழங்கை நிற்கிற உயரத்தில் கடைகிற மரத்தின் நடு வரவேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய 42 அங்குலம். இன்னொருவருடைய அளவைக் கொப்பி அடித்து இரண்டு அங்குலம் பதிவாகக் கட்டினால் ஒரு கிழமையில் நாரி சொல்லும்.

4க்கு 2 அங்குலச் சலாகை இரண்டு, ஒவ்வொன்றும் நாலடி நீளம். இரண்டையும் நடுவில் 2 அங்குல இடைவெளி விட்டுச் சமாந்தரமாகக் கிடத்தி, இரு பக்கமும் கால் அடியுங்கள். கால்கள் நேராக நிற்கக்கூடாது, ஏணிக் கால் மாதிரி விரிந்து நிற்கவேண்டும். மிதிக்கும்போது முழுச் சட்டகமும் உங்கள் பக்கம் வரப் பார்க்கும். நிலத்தில் புதைப்பதென்றால் புதையும் பகுதியைக் கழிவு எஞ்சின் ஒயிலில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். நான் ஊறவிடாத ஒரு காலைக் கறையான் முதல் மாரியிலேயே தின்றுவிட்டது.

அந்த 2 அங்குல இடைவெளிக்குள் வாலை இறக்கி நிற்பவை இரண்டு தாங்குகட்டைகள். 4க்கு 4 கட்டையில் செய்யுங்கள். மேல்பகுதி சலாகைக்கு மேலே 8 அங்குலம் நிற்கட்டும். கீழ்வாலை 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகச் சீவி, சலாகைக்குக் கீழே நீட்டவிட்டு, அதில் ஒரு துளை போட்டு ஆப்பு அடிக்கவேண்டும். ஆப்பை இறுக்கினால் கட்டை அசையாது, தட்டினால் கழன்று நீளம் குறைத்துக் கூட்டலாம். துளையின் மேல்விளிம்பு சலாகையின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். இல்லையென்றால் ஆப்பு துளைக்குள்தான் இறுகும், சலாகையை இழுத்துப் பிடிக்காது. நான் இதை இரண்டு முறை பிழைவிட்டேன்.

முனைகள்: 12 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு. இரண்டையும் பென்சில் முனைபோலத் தீட்டுவியுங்கள், ஆனால் பென்சிலைவிட மொட்டையாக. ஒன்றை இடக்கட்டையில் அசையாமல் பூட்டுங்கள். வலக்கட்டையில் ஒரு நட்டைப் பதித்து, மற்ற போல்ட் அதற்குள்ளால் திருகி முன்னே பின்னே போகிற மாதிரி வையுங்கள். தலையில் ஒரு சின்னக் கம்பியை ஒட்டுவித்தால் கைபிடி ஆகிவிடும். கட்டைகளைக் கிட்டக் கொண்டுவந்தால் இரண்டு முனையும் மூக்கோடு மூக்கு முட்டவேண்டும். முட்டாவிட்டால் கட்டையைச் சீவிச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

உளி தாங்கி ஒரு பலகைத் துண்டுதான். இரு கட்டைக்கும் குறுக்காக, முனை நிற்கும் உயரத்துக்கு ஒட்டி, மரத்துக்குக் கால் அங்குலம் கிட்டப் போய் நிற்கவேண்டும். மரம் மெலிய மெலிய இதையும் கிட்டத் தள்ளவேண்டும். பழகுகிறவர்கள் மறப்பது இதைத்தான். இடைவெளி கூடினால் உளி நுனி கீழே இழுபட்டுக் கொளுவும்.

5. ரியூப், கயிறு, மிதிபலகை

வால்வை வெட்டி எறிந்துவிட்டு ரியூபை நீளவாட்டில் அப்படியே பாவியுங்கள், கீற்றாகக் கிழித்தால் விளிம்பிலிருந்து பிய்யும். லேத்துக்கு மேலே ஏழடி உயரத்தில், மூன்றடி இடைவெளியில் இரண்டு கம்பு. அவற்றுக்குக் குறுக்கே ரியூபைத் தொய்யாமல் கட்டி, நடுவில் கயிற்றின் மேல்நுனியை முடியுங்கள். இரண்டு ரியூப் போதும். நாலு போட்டேன், மிதிக்க மிதிக்கத் தொடை கல்லாகிவிட்டது. மிதிபலகையைத் திரும்பத் தூக்குகிற அளவு பலம் இருந்தால் சரி.

கயிறு பின்னலாக இருக்கவேண்டும். முறுக்குக் கயிறு மரத்தில் உருண்டு உருண்டு பிரிந்துவிடும். தும்புக்கயிறு அரை நாள் நிற்காது. முல்லைத்தீவுப் பக்கம் வலைச்சாமான் விற்கும் கடைகளில் 5, 6 மில்லிமீற்றர் பின்னல் கயிறு கிடைக்கும். அது மாதக்கணக்கில் உழைக்கும்.

சுற்றும் திசை முக்கியம். மிதிக்குப் போகிற நுனி மரத்தின் உங்கள் பக்கத்தால் இறங்கவேண்டும். அப்போதுதான் மிதிக்கும்போது மரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரும். மறுபக்கத்தால் இறங்கினால் வெட்டுகிற நேரம் மரம் உளியைத் தூக்கி எறியும். முதல்நாள் எனக்கு அப்படித்தான் நடந்தது, லேத்தில் பிழை என்று சட்டகத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கயிற்றைக் கழற்றி மற்றப் பக்கம் சுற்றிவிட்டுப் போனார். அவர் சின்ன வயதில் இதை எங்கோ பார்த்திருக்கிறாராம்.

மிதிபலகை மூன்றடிப் பலகை. பின்நுனியைப் பழைய ரயர் துண்டால் நிலத்தில் ஆணி அடித்த கட்டையோடு பிணையுங்கள், அதுவே பிணைச்சல். முன்நுனியில் கயிறு. கால் கீழே போகும் தூரம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலத் தடிப்புள்ள மரம் ஒரு மிதிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்று மேலே சுற்றும். 1 அங்குலத்துக்கு மெலிந்தால் அதே மிதிக்கு நாலரைச் சுற்று. அதனால்தான் தொடக்கத்தில் வேலை ஊர்கிற மாதிரியும் மெலிந்தபிறகு பறக்கிற மாதிரியும் இருக்கும். தொடக்கத்தில் மனம் சலிக்கவேண்டாம்.

சாரத்தோடு மிதிக்க வராதீர்கள். கயிறு சாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும். என் மானம் காத்தது தோட்டத்தில் அன்று யாரும் இல்லாததுதான்.

6. உளி

தச்சு உளியால் கடைய வராது. அது கட்டை, பிடி குட்டை. பழைய அரத்தைத் தீட்டிப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். அரம் கண்ணாடி மாதிரி. கொளுவினால் முறிந்து முகத்துக்குப் பறக்கும்.

கம்மாலையில் லொறி வில்லுத் தகட்டில் அடிப்பியுங்கள். மூன்று போதும்: ஒரு அங்குல அகலத்தில் வளைந்த குழி உளி ஒன்று, முக்கால் அங்குலத்தில் வாய் சரிந்த தட்டை உளி ஒன்று, ஒடுங்கிய வெட்டு உளி ஒன்று. ஒயிலில் தோய்த்து, பிறகு நுனி வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடுகாட்டி ஆறவிடச் சொல்லுங்கள். நான் போன கொல்லர் சிரித்தார். "தம்பி, தண்ணியில தோய்ச்சா வெடிக்கும், ஒயில்ல தோய்ச்சிட்டு அப்படியே விட்டா நொறுங்கும். இது எனக்குச் சொல்ல வேண்டாம், பிடி நீளமா வேணுமா கட்டையா வேணுமா, அதைச் சொல்லும்." பிடி நீளமாக வேண்டும். ஒரு முழம். முதல் பிடியைக் கையால் சீவிப் போடுங்கள். லேத் ஓடத் தொடங்கியதும் நல்ல பிடி நீங்களே கடைவீர்கள்.

தீட்டாத உளியோடு மல்லுக்கட்டிக் காலை நோகவைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் நாலு இழுப்பு.

7. மரத்தைத் தயார் செய்தல்

பச்சை மரம்தான் வேண்டும். மரம் காயக் காயக் காலுக்கு வேலை கூடும். நான் தொடக்கத்தில் நல்லாகக் காய்ந்த பாலைத் துண்டு ஒன்றைப் பூட்டி இரண்டு மணித்தியாலம் மிதித்துக் கைப்பிடி தூளைத்தான் கண்டேன். பச்சைப் பூவரசு ரிபன் ரிபனாக வரும்.

கொப்பை முழுதாகப் பூட்டாதீர்கள். நட்டநடுப் புள்ளி உள்ளே இருந்தால் காயும்போது எப்படியும் வெடிக்கும். கோடரியும் ஆப்பும் வைத்து இரண்டாக, தடித்ததென்றால் நாலாகப் பிளந்து, நடுப்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, கத்தியால் எட்டுப் பட்டமாக உருட்டிக்கொள்ளுங்கள். வாளால் அரிவதைவிடப் பிளப்பது நல்லது, நார் ஓடும் பக்கம் மரமே வழிகாட்டும்.

இந்த மண்ணில் இன்னொரு வேலை உண்டு. பிளக்கமுன் காந்தம் பிடியுங்கள். உடைந்த ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம் போதும். எங்கள் வளவு வேம்பில் முறிந்த ஒரு கொப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். வெட்டு வெளிர்சிவப்பாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு இடத்தில் மை ஊற்றிய மாதிரி கறுநீலக் கறை. என்ன மரநோய் என்று இன்னும் ஒரு மிதி மிதித்தேன். "டிக்" என்று ஒரு சத்தம், உளியின் வாயில் நெல்லளவு துண்டு போய்விட்டது. கத்தி நுனியால் கிண்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவு செல்பீஸ், யுத்தத்தில் வெடித்த செல்லின் துண்டு, விளிம்பு இன்னும் கூராக. மரம் அதைச் சுற்றி வளையம் வளையமாக வளர்ந்து மூடியிருந்தது. பட்டையில் ஒரு அடையாளமும் இல்லை. 2009க்கு முன்னிருந்து நிற்கிற மரம் எதுவானாலும் சந்தேகப்படுங்கள். மரக்காலைகளில் சில ஊர் மரம் என்றாலே வாளுக்குப் பயந்து யோசிப்பார்கள். கறுநீலக் கறை கண்டால் அந்த இடத்தில் உளியை வைக்காதீர்கள். பித்தளையையும் ஈயத்தையும் காந்தம் காட்டாது, அதனால் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். உலோகம் சின்னத் துண்டாக இல்லாமல் உருவம் தெரிகிற சாமானாக இருந்தால் கிண்டவே வேண்டாம். தள்ளி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

மரத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. வேம்பில் சமையல் சாமான் செய்யாதீர்கள், சொதி கைக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நுணா, நாங்கள் மஞ்சவண்ணா என்று சொல்வது, கடைய இனிமையானது, மஞ்சள் நிறம் பார்த்தாலே ஆசையாக இருக்கும்.

8. முதல் சாமான்: ஒரு மத்து

மத்து ஏன் என்றால், பிழைத்தாலும் யாராவது மோர் கடைவார்கள். 16 அங்குல நீளம், தலைப்பக்கம் இரண்டரை அங்குலத் தடிப்பில் பிளந்த பூவரசு எடுங்கள்.

இரு முகத்திலும் நடுவைக் குறித்து ஆணியால் சின்னக் குழி போட்டு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். கிறீஸ் பூசினால் மரம் கறுக்கும். முனைகளுக்கு நடுவில் வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, திருகை இறுக்குங்கள். கையால் சுற்றினால் சுற்றவேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. வேலை நடுவில் கீச்சென்று கத்தினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். மணக்கத் தொடங்கினால் நீங்கள் பிந்திவிட்டீர்கள்.

குழி உளியைத் தாங்கியில் வைத்து, முதலில் வாயை வைக்காதீர்கள். சரிவின் முதுகு மரத்தைத் தடவட்டும். வெட்டாது, சும்மா தடவும். இனிப் பிடியை மெல்ல உயர்த்துங்கள். ஒரு இடத்தில் வாய் மரத்தைத் தொடும், சீவல் கிளம்பும். அங்கேயே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பட்டம் அடிபடும் "டக் டக்" சத்தம் மெல்ல மெல்ல மாறி ஒரே சத்தமாகும்போது மரம் உருண்டையாகிவிட்டது.

கயிறு சுற்றியிருக்கும் இடத்தைக் கடைய முடியாது. அதனால் கயிற்றைத் தலைப்பக்கம் வைத்துக் காம்பைக் கடையுங்கள், பிறகு காம்பின் தலையோடு ஒட்டிய பகுதிக்குக் கயிற்றை மாற்றித் தலையைக் கடையுங்கள். காம்பை ஒரேயடியாக மெலிக்கவேண்டாம். நடுப்பகுதி மெலிந்தால் சுழலும்போது வில் மாதிரி வளைந்து அதிரும், உளி அலை அலையாகக் குத்தும். இடக்கை விரல்களைப் பின்பக்கம் மெதுவாகக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு கடைசியில்தான் மெலிக்கவேண்டும். இந்தப் பாடத்துக்கு எனக்கு மூன்று காம்பு முறிந்தது.

தட்டை உளியால் தடம் அழித்தபின், கீழே கிடக்கும் சீவலில் ஒரு பிடி அள்ளி, சுழலும் மரத்தில் அழுத்திப் பிடியுங்கள். சாண்ட்பேப்பர் தேவையில்லை, பளபளவென்று வந்துவிடும். கழற்றியபிறகு தலையின் கீற்றுகளை வாளால் அறுத்துக் கத்தியால் துடையுங்கள். முதல் மத்துக்கு எனக்கு ஒரு முழுநாள். இப்போது ஒன்றரை மணித்தியாலம்.

சீவலைக் கொட்டிலில் குவித்து வைக்காதீர்கள். ஈரச் சீவல் குளிர்ச்சிக்குப் புடையன் படுக்கும். அன்றன்று அள்ளி மாட்டுக்கொட்டிலில் அல்லது மரத்தடியில் போடுங்கள்.

9. காயவிடுதலும் எண்ணெயும்

பச்சை மரத்தில் கடைந்தது சுருங்கும், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. உருண்டையாகக் கடைந்த தலை மூன்று கிழமையில் சற்று நீள்வட்டமாகும். மத்துக்கு அது பாதகமில்லை. ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் சாமான் என்றால் உள்ளே போகும் பகுதியை முதலில் கடைந்து, நல்லாகக் காயவைத்து, பிறகுதான் அளவுக்குக் கடையவேண்டும்.

காலமும் பாருங்கள். மாரியில் கடைந்தால் மெதுவாகக் காயும், வெடிப்புக் குறைவு, ஆனால் பூஞ்சணம் பிடிக்காமல் காற்றுப்படும் இடத்தில் வைக்கவேண்டும். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கிற நேரம் கடைந்ததை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது வெடித்திருக்கும். அந்த மாதங்களில் கடைந்த உடனே சீவலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக் கட்டி, நிழலில் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். கடையாத குற்றிகளின் இரு முகத்துக்கும் பழைய பெயின்ற் பூசுங்கள், இல்லாவிட்டால் சாணி அப்புங்கள்.

காய்ந்தபிறகு பூச்சு. சமையல் சாமானுக்கு வார்னிஷ் வேண்டாம். தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் நாலு பங்கு, சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, இளஞ்சூட்டில் துணியால் தேய்த்து ஒரு இரவு விடுங்கள். தேன் எடுக்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் அடை பிழிந்த மெழுகு கிடைக்கும்.

10. விற்பதாக இருந்தால்

சொந்தக்காரர்களுக்கு நாலு மத்துக் கொடுக்க எந்தப் பேப்பரும் வேண்டாம். கடைகளுக்குத் தொடர்ந்து கொடுப்பதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, தொழில் நடக்கும் காணியின் பத்திரம் கொண்டு போங்கள். காணி இன்னொருவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் சேர்த்துக் கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம். மரம் வாங்கிய பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மத்து ஒன்று இருபது ஆகும்வரை இடியப்ப உரலில் கை வைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். உள்ளே குடையவேண்டும், அதற்குக் கொக்கி வளைத்த வேறு உளி வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பிடித்துச் சுற்ற வேறு ஏற்பாடும் வேண்டும். என் மாமி கேட்டு ஐந்து மாதமாகிறது. இன்னும் "வாற கிழமை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.